சோற்றுப் பானையின் சுருதி

சந்தனராஜுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் பட்ட எதையும் விரலால் சுண்டிப் பார்க்காமல் விடமாட்டார். பெண் பார்க்க ஆவூருக்கு வந்த அன்று, காப்பியைக் குடித்து முடித்ததும் டம்ளரைச் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்டார். கதவிடுக்கில் நின்று பார்த்த மரிய செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டம்ளர்ல ஓட்டை இருக்கான்னு பாக்குற ஆளுகிட்டப் போயி என்னையத் தள்ளப் பாக்குறியே ஆத்தா" என்று அம்மாவின் காதைக் கடித்தாள். கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, மனுஷர் கஞ்சன் இல்லை, பார்க்கிற உத்தியோகமே அதுதான் என்று. புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் பௌதிகப் பரிசோதனைக் கூடத்தில் அவர் டெமான்ஸ்ட்ரேட்டர். எந்தப் பொருள் எந்தச் சுருதியில் அதிரும் என்று கம்பியும் இசைக்கவையும் வைத்துப் பையன்களுக்குக் காட்ட வேண்டும். வார நாளெல்லாம் திருக்கோகர்ணத்தில் ஓர் அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து ஆவூருக்கு வந்து சேருவார்.

செல்வி சீராகக் கொண்டுவந்த பாத்திரங்களில் பெரியது ஒரு வெண்கலச் சோற்றுப் பானை. பத்துப் பேருக்குத் தாராளமாக வடிக்கலாம். "மூணு உசுருக்கு இம்மாம் பெரிய பானையாடி" என்று பக்கத்து வீட்டு ஜெபமாலையம்மாள் கேட்காத நாள் கிடையாது. அண்ணன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததைப் பரணில் ஏற்ற செல்விக்கு மனசு வரவில்லை. அதில்தான் உலை வைப்பாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி, பானையைச் சுவரோரம் இறக்கி வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுவாள்.

மூன்றாவது உயிர் அடைக்கலம், ஒரே மகள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது உயிர்ப்புத் திருநாளுக்கு வெடி போட்டார்கள். ஊரிலிருந்த குஞ்சு குளுவானெல்லாம் வீரிட்டு அலற, இவள் மட்டும் அம்மாவின் தோளில் அசையாமல் தூங்கினாள். "என்ன பொறுமையான புள்ள!" என்று எல்லோரும் மெச்சினார்கள். பெற்றவள் மட்டும் பிள்ளையின் காதோரம் கையைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அவள் பயந்தது சரியாகத்தான் போயிற்று. பிள்ளைக்குக் காது கேட்கவில்லை. கேட்காததால் பேச்சும் வரவில்லை. அழுகிற, சிரிக்கிற நேரம் தவிர அந்தத் தொண்டையிலிருந்து சத்தமே வந்ததில்லை.

மாதா பிரார்த்தனையை ஒருவர் முன்னே சொல்ல மற்றவர் பதில் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் பதில் சொல்ல ஆள் ஏது? முன்வரியையும் சொல்லி, பதிலையும் செல்வியே ஒரே சுருதியில் நீளமாக இழுப்பாள். அப்படி இழுத்த ஒரு ராத்திரியில், பானையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருந்த அடைக்கலம் கிளுக்கென்று சிரித்தாள். செல்வி நிறுத்தினாள். பிள்ளை பானையைப் படபடவென்று அடித்து, 'ம், சொல்லு' என்பதுபோல் அம்மாவைப் பார்த்தாள். செல்வி குரலை ஏற்றிப் பார்த்தாள், பிள்ளையின் முகம் சுருங்கியது. இறக்கிப் பார்த்தாள், அப்போதும் இல்லை. பழைய இழுப்புக்கு வந்ததும் மறுபடியும் அதே சிரிப்பு. செல்வி தன் கையைப் பானைமேல் வைத்தபடி இழுத்துப் பார்த்தாள். உள்ளங்கையில் கூச்சம் ஏறியது. பானை நடுங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை வந்த புருஷனிடம் வாசலிலேயே மறித்துச் சொன்னாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பானையிடம் ஓடினார்.

"ஒவ்வொரு சாமானுக்கும் சொந்தமா ஒரு சுருதி இருக்கு செல்வி. பேர் மாதிரின்னு வச்சுக்கயேன். ஊர்ல எத்தனை பேரைக் கூப்பிட்டாலும் அது பாட்டுக்குக் கம்முன்னு கெடக்கும். அதோட பேரைச் சொன்னாத்தான் ஏன்னு கேக்கும்."

"அப்ப நான் இத்தன நாளும் பானையையா கூப்பிட்டுக்கிட்டு இருந்தேன்?"

"பானையத்தான் கூப்பிட்டே. ஆனா ஏன்னு கேக்குறது நம்ம புள்ள."

செல்வி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பெற்றதிலிருந்து ஒரு தடவைகூடக் கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்காத பிள்ளையாயிற்றே. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பானையில் கன்னத்தை வைத்து, அம்மா இழுக்கும் அந்த ஒரு சுருதியை உடம்பால் வாங்கிக்கொண்டு, சிரித்துவிட்டுத்தான் அடைக்கலம் தூங்கப் போவாள்.

நயா பைசா வந்த வருஷம், ஆறு வயது நடக்கும்போது, அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ரயிலேறி ஒரு பகல் முழுக்கத் தெற்கே போக வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்குக் கன்னியர் நடத்துகிற பள்ளிக்கூடம். அங்கே படித்த பிள்ளைகள் எழுதுகின்றன, கணக்குப் போடுகின்றன, சில பிள்ளைகள் வாய் திறந்து நாலு வார்த்தை பேசவும் செய்கின்றன என்று சொன்னார்கள். போகாவிட்டால் ஆயுசு முழுக்க ஆவூரில் 'ஊமைப் புள்ள' என்ற பேரோடு கிடக்க வேண்டியதுதான். செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு கொண்டுபோய் விட்டாள். திரும்பி வருகிற ரயிலில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை.

பெற்றோர் வந்து பார்க்கிற முதல் ஞாயிற்றுக்கிழமை போனபோது, பிள்ளை பாதியாக இளைத்திருந்தாள். பொறுப்பிலிருந்த சிஸ்டர் இன்னாசியம்மாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சரியாச் சாப்பிடறதில்ல. படுக்கப் போற நேரத்துல எந்திரிச்சுப் போயிச் செவரு, தூணு, தண்ணித் தொட்டின்னு ஒண்ணு விடாமக் கட்டிப்பிடிச்சுப் பாக்குறா. நேத்து அடுப்படியில ஒரு அண்டாவைக் கட்டிக்கிட்டு அழுதா. எங்க தொண்டையில கைய வைக்கச் சொல்லித்தான் பேச்சுச் சொல்லிக் குடுக்குறோம். இவ கையப் பிடிச்சு வச்சா வெடுக்குன்னு உருவிக்கிறா. கிறிஸ்மஸ் லீவு வரைக்கும் பாக்குறேம்மா. தேறலன்னா கூட்டிட்டுப் போயிருங்க. இந்த எடத்துக்கு எத்தனையோ புள்ளைங்க காத்துக் கெடக்கு."

செல்விக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "பானையத் தேடுறா சிஸ்டர்" என்றாள். "நான் அதைக் கொண்டாந்து வச்சிரவா?"

விஷயத்தைக் கேட்ட சிஸ்டர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷி. "ஆளுக்கு ஒரு தகரப் பெட்டிம்மா. அதுக்குள்ள அடங்குறது எதுவானாலும் குடுத்தனுப்புங்க. அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்ட நானாச்சு" என்றார்.

வருகிற வழியெல்லாம் சந்தனராஜ் ரயில் ஜன்னல் கம்பியைச் சுண்டிக்கொண்டே வந்தார். புதுக்கோட்டையை எட்டும் நேரத்தில் வாயைத் திறந்தார். "பெருசா இருந்தாத்தான் அந்தச் சுருதி வரும்னு இல்ல. சின்னக் கிண்ணத்தையும் மெல்லிசாக் கடைஞ்சா அந்தச் சுருதிக்கே எறக்கலாம். பானையைக் குடு, நான் அளந்து பாத்துக் கிண்ணத்தை அதுக்குச் சமமாக் கொண்டாந்துடறேன்."

பானை புதுக்கோட்டைக்குப் புறப்பட்டது. கல்லூரிக்குப் போகிற பானை, நாலு புரொபசர்கள் பார்க்கிற பானை, அதைச் சோற்றுப் பிசுக்கோடு அனுப்பினால் நாளைக்கு யாருக்கு மானக்கேடு? செல்வி புளி போட்டு, சாம்பல் போட்டு, உள்ளேயும் வெளியேயும் விளக்கி, துணியால் துடைத்துக் காயவைத்துப் பளபளவென்று கொடுத்தாள். சந்தனராஜ் அதற்கும் மேலே. அளக்கிற பொருளில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கணக்குப் பிசகிப் போகும் என்று, பரிசோதனைக் கூடத்தில் மறுபடியும் ஒருமுறை துடைத்தார். பஸ்ஸில் கண்டக்டர் பானைக்கும் டிக்கெட் கேட்டதும், "சீர் வரிசையாங்க?" என்று பக்கத்து சீட்டுக்காரர் விசாரித்ததும் தனிக் கதை.

பரிசோதனைக் கூடத்தில் சோனாமீட்டர் என்று ஒரு நீளப் பெட்டி. அதன்மேல் ஒரு கம்பி இழுத்துக் கட்டியிருக்கும். கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சுருதியை மாற்றலாம். கம்பியின்மேல் மடித்த காகிதத் துண்டு ஒன்றை உட்கார வைத்து, ஒரு பொருளைத் தட்டிப் பெட்டியில் ஒட்டி வைத்தால், இரண்டின் சுருதியும் ஒன்றாகிற இடத்தில் காகிதம் துள்ளிக் கீழே விழும். பானையைத் தட்டி, கம்பியை நகர்த்தி, காகிதம் விழுகிற இடத்தை சந்தனராஜ் பிடித்துவிட்டார். அடுத்து, கீழ ராஜ வீதியில் குழந்தைசாமியின் பாத்திரக் கடைக்குப் போய் இருக்கிற வெண்கலக் கிண்ணங்களை எல்லாம் சுண்ட ஆரம்பித்தார்.

"சார், வாங்க வந்தீங்களா, கச்சேரி பண்ண வந்தீங்களா?" என்று குழந்தைசாமி கேட்டார்.

கடைசியில் ஒரு கிண்ணம் ஏறக்குறைய ஒத்து வந்தது. அதைக் கடைசல்காரரிடம் கொடுத்து, உள்பக்கத்தைக் கொஞ்சம் கடைந்ததும் கூடத்துக்கு ஓடிவந்து கம்பியில் சரிபார்த்து, திரும்ப ஓடிக் கடையச் சொல்லி, அந்த வாரம் முழுக்க இதே ஓட்டம். கிண்ணம் பானையின் சுருதிக்கு வந்தது. காகிதம் துள்ளி விழுந்தது. சனிக்கிழமை அவர் ஆவூருக்குப் போன மிடுக்கைப் பார்க்க வேண்டுமே! ஒரு கையில் பானை, ஒரு கையில் கிண்ணம். தோளில் தொங்கிய துணிக்குள், இன்னொரு முறை சரிபார்க்கலாம் என்று சொல்லி வாங்கி வந்த அந்த நீளப் பெட்டியும் இருந்தது.

"ம், இழு பாப்போம்" என்று கிண்ணத்தைச் செல்வியின் கையில் வைத்தார்.

செல்வி இழுத்தாள். கிண்ணம் சும்மா இருந்தது. மறுபடியும் இழுத்தாள். ஒன்றும் இல்லை.

"சுருதி தப்பிப் பாடுறே."

"நானா? பொறந்ததுலேருந்து இதே சுருதிதான்! இந்தா, பானைகிட்டயே கேளுங்க." பளபளத்த பானைமேல் கையை வைத்து இழுத்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிற்று. பானையும் நடுங்கவில்லை.

"பாவி மனுஷா, தட்டித் தட்டிப் பானைய ஒடைச்சுட்டீங்களே!"

"ஒடையலடி. விரிசல் விட்டா சத்தமே வேற மாதிரி வரும்."

"அப்ப ஏன் பேச மாட்டேங்குது? எம்புள்ளைக்கு இருந்தது இந்த ஒண்ணுதான். அதையும் அளக்குறேன் அளக்குறேன்னு ஊமையாக்கிப்புட்டீங்களே!"

அந்த வார்த்தையை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. பிறர் சொன்னாலே சண்டைக்குப் போவாள். சந்தனராஜ் கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது வந்து, தலை நிமிராமல் சாப்பிட்டார். கோபம் என்றாலும் உலை வைத்தது அதே பானையில்தான். சாப்பிட்டு முடித்ததும் செல்வி வழக்கப்படி மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றினாள், பானையைச் சுவரோரம் இறக்கினாள், செபமாலையை எடுத்தாள். மனசெல்லாம் தெற்கே எங்கோ தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையிடம் இருந்தது. பழக்கதோஷத்தில் இடது கை பானைமேல் கிடந்தது. பதில் வரியை இழுத்தாள்.

உள்ளங்கையில் கூச்சம் ஏறியது.

"என்னங்க!" என்று அலறினாள். "என்னங்க, இங்கிட்டு வாங்க! நடுங்குது!"

சந்தனராஜ் வந்து தொட்டுப் பார்த்தார். பானைக்குள் எட்டிப் பார்த்தார். சோறும் தண்ணீருமாகப் பாதிக்குமேல் நிறைந்திருந்தது. அவர் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் ஜெபமாலையம்மாள் வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"தண்ணி! பழையதுக்கு ஊத்துன தண்ணி! பானையோட செவரு அந்தத் தண்ணியையும் சேத்துல்ல அசைக்கணும், சுருதி எறங்கிப் போச்சு. நீ தெனமும் கூப்பிட்டது இந்தப் பானைய. நான் அளந்தது வெறும் பானைய. பையன்களுக்கு வருஷா வருஷம் நானே சொல்லிக் குடுக்குற பாடம்டி இது!"

"நான்தானே வெளக்கி அனுப்புனேன்" என்றாள் செல்வி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சந்தனராஜ் துணியை அவிழ்த்துப் பெட்டியை வெளியே எடுத்தார். பானையிடம் போகப் போனவர் நின்றார். நேற்று ஒரு கரண்டி தண்ணீர் கூட, இன்று ஒரு கரண்டி குறைய, பானை தினமும் ஒரே மாதிரியா இருந்திருக்கும்? அந்தந்த நாள் பானைக்குத் தக்கபடி இம்மியளவு ஏற்றி இறக்கி, அது நடுங்குகிற இடத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டது யார்? அவர் பெட்டியைச் செல்வியின் முன்னால் வைத்தார்.

"பானை வேண்டாம். ஒன்னைய அளக்குறேன்."

"அய்ய, என்னையவா?"

"தாடையைப் பெட்டிமேல வச்சுக்க. புள்ள பானையக் கட்டிக்கிட்டு ஒக்காந்துருக்கான்னு நெனச்சுக்கிட்டு இழு."

செல்விக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல் தடவை சிரித்துக் கெடுத்தாள். இரண்டாம் தடவை, "அங்கிட்டுப் பாருங்க, என்னையப் பாக்காதீங்க" என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளையின் கன்னமும் பானையும் கண்ணுக்குள் வந்தன. இழுத்தாள். சந்தனராஜ் கம்பியை மெல்ல மெல்ல நகர்த்தினார். காகிதத் துண்டு முதலில் லேசாக ஆடியது, பிறகு துள்ளிப் போய் அவள் மடியில் விழுந்தது. கண்ணைத் திறந்தபோது புருஷன் காகிதத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு வருஷத்தில் தன் குரலை இத்தனை உன்னிப்பாக யாரும் கேட்டதில்லை என்று செல்விக்குத் தோன்றியது. அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

கிண்ணத்தை இன்னும் கடைந்தால் விண்டுவிடும் என்று கடைசல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "விண்டா எம்பாடு, கடைங்க" என்றார் சந்தனராஜ். வெண்கலம் பொல்லாதது. மெல்லிசானால் ஒரு தட்டுத் தாங்காது. ஆனாலும் அது விள்ளவில்லை. அடுத்த வாரம் செல்வி இழுத்ததும் கிண்ணம் அவள் கைக்குள் சிலிர்த்தது. அவள் அதைத் தன் பழைய சேலைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினாள்.

பள்ளிக்கூட மரத்தடியில் அடைக்கலத்தின் நெஞ்சோடு கிண்ணத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு செல்வி இழுத்தாள். பிள்ளை அசையாமல் நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள், அம்மாவின் வாயைப் பார்த்தாள். பிறகு கிளுக்கென்று சிரித்தாளே, அந்தச் சிரிப்புக்கு எத்தனை கிண்ணம் வேண்டுமானாலும் கடையலாம். செல்வி புறப்படுகிற நேரத்தில் சிஸ்டர் இன்னாசியம்மாள் தாமும் இழுத்துப் பழகிப் பார்த்தார். அவருக்குக் கட்டைக் குரல். எங்கெங்கோ போயிற்றே தவிர, கிண்ணம் ஏன் என்று கேட்கவில்லை. "பழகிக்குவேம்மா, நீங்க போங்க" என்றார். செல்வி அரை மனசாகத்தான் படியிறங்கினாள்.

கிறிஸ்மஸ் லீவுக்குக் கூட்டிவரப் போனபோது வழியெல்லாம் அவளுக்கு ஒரே நினைப்புதான். தேறியிருந்தால் லீவு முடிந்து திரும்ப அனுப்பலாம். தேறாவிட்டால் பெட்டியோடு கையில் கொடுத்துவிடுவார்கள்.

சிஸ்டரைப் பார்த்ததும் முதல் கேள்வியாக, "சுருதி பிடிபட்டுச்சா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. எனக்கு வரவே இல்ல. ரெண்டு மூணு வாரம் முயற்சி பண்ணுனேன். அப்பறம் அவளே கிண்ணத்தைப் பிடுங்கிக்கிட்டா. என்னையக் கிட்டவே விடறதில்ல."

செல்வி பக்கத்தில் நின்ற சந்தனராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் வீண். பானையை அளந்தார்கள், குரலை அளந்தார்கள், அந்தச் சத்தத்தைப் போட ஆள் இல்லாத இடத்துக்குக் கிண்ணத்தை அனுப்பினார்கள். "பெட்டியக் கட்டிரட்டுமா சிஸ்டர்?" என்றாள்.

"இருங்கம்மா. வாரா பாருங்க" என்றார் சிஸ்டர்.

அடைக்கலம் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ஓடி வந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. அம்மாவைக் கட்டிக்கொண்ட கையோடு அவளைத் தரையில் உட்கார வைத்தாள். தானும் எதிரே உட்கார்ந்து, சேலைத் துணியைப் பிரித்துக் கிண்ணத்தை எடுத்து நெஞ்சில் சாய்த்து, விளிம்பைக் கீழுதட்டோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு கை தன் தொண்டையில் இருந்தது.

சத்தம் வந்தது. கரகரப்பான, முரட்டுத்தனமான ஒரு சத்தம். செல்விக்கு அது எங்கிருந்து வருகிறது என்றே முதலில் பிடிபடவில்லை. அது மேலே போயிற்று, வழுக்கியது, கீழே இறங்கியது, மறுபடியும் தேடிக்கொண்டு ஏறியது. பிள்ளையின் புருவம் நெரிந்திருந்தது. சட்டென்று ஓரிடத்தில் வந்து அந்தச் சத்தம் நின்றது, நின்று நீண்டது. அடைக்கலம் அம்மாவின் கையை இழுத்துக் கிண்ணத்தின்மேல் வைத்தாள்.

கிண்ணம் நடுங்கியது.

செல்விக்கு அந்தச் சுருதியைத் தெரியாதா? அவளுடையதுதான். அடுப்படியில் முழந்தாளிட்டு, பதில் சொல்ல ஆளில்லாமல் தனக்குத்தானே இழுத்துக்கொண்டிருந்த அதே இழுப்பு. இப்போது அது தன் மகளின் தொண்டையிலிருந்து வந்தது.

"நாங்க யாரும் சொல்லிக் குடுக்கலம்மா" என்றார் சிஸ்டர் மெதுவாக. "சத்தம் போட்டாக் கிண்ணம் ஆடும்னு அவளாத் தேடித் தேடிக் கண்டுபிடிச்சுக்கிட்டா. தெனமும் படுக்கப் போற முன்னாடி இதேதான். இப்பல்லாம் எங்க தொண்டையில அவளே வந்து கைய வைக்கிறா. இந்தப் புள்ளையையா நான் திருப்பி அனுப்புவேன்?"

சந்தனராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். சுண்டிப் பார்க்க அன்றைக்கு அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடைக்கலத்துக்கு மூச்சு முட்டிச் சத்தம் அறுந்தது. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினாள். கண் அம்மாவின் முகத்தைவிட்டு அகலவில்லை. இந்தப் பிள்ளை இத்தனை நாளும் ஒவ்வொரு ராத்திரியும் படுக்கப் போகிற நேரத்தில் தன்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் கிண்ணத்திலிருந்து கையை எடுக்கவில்லை. மற்றொரு கையால் மகளின் கையைப் பிடித்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

"ஏன் ஆத்தா" என்றாள். "இந்தா, இங்கனதான் இருக்கேன்."